விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள்: சீர் வாங்கிய மகளுக்கு வீட்டில் பங்கு உண்டா?

இரண்டாம் கட்டு (இழையைத் தொடங்கியவர்)

எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பிறந்தது தேவகோட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது காரைக்குடிப் பக்கம், இப்போது இருப்பது மதுரையில். கல்யாணம் 1986 ஆவணியில் நடந்தது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு அண்ணன்கள். ஆத்தா (அம்மா) 1991இலும் அப்பச்சி (அப்பா) 1998இலும் தவறிவிட்டார்கள். உயில் எதுவும் இல்லை. அப்பச்சியின் அப்பா, எங்கள் ஐயா கட்டிய வீடு இன்னும் நிற்கிறது.

போன மாதம் முன்னோருக்குப் போடும் படைப்புக்காக ஊருக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் உட்கார்ந்து பாத்திரங்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். பெரிய அண்ணன் வந்து, "தங்கச்சி, ஒரு கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்தாப் போதும்" என்றார். கையில் முத்திரைத்தாள். தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. பூர்வீக வீட்டில் எனக்கு உள்ள பாத்தியதையை அண்ணன்கள் பேருக்கு முழு மனதோடு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. என் பெயர் அந்தத் தாளில் நான்கு இடத்தில் வந்தது. அந்த வீட்டுக் காகிதம் ஒன்றில் என் பெயரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விட்டுக்கொடுக்கும்போதுதான் என் பெயர் வருகிறது.

கேட்டதற்கு, "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதுபோலச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மதுரைக்கு வந்துவிட்டேன்.

வந்து என் முறைச்சிட்டையை, கல்யாணச் சீர்ப் பட்டியலை, எடுத்துப் பார்த்தேன். அப்பச்சி கைப்பட எழுதியது. வைரத்தோட்டில் தொடங்கி, வெள்ளிச் செம்பு, வெண்கலப் பானை, மங்குச் சாமான், பாய், தலையணை என்று போய், கடைசி வரியில் தயிர் மத்தில் முடிகிறது. ஒரு மத்தைக்கூட மறக்காமல் எழுதிய மனிதர். வீடு என்ற சொல் அதில் இல்லை.

அண்ணன்களோடு சண்டை போட எனக்கு மனசு இல்லை. ஆனால் கையெழுத்துப் போடவும் கை வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? உங்கள் வீடுகளில் இதை எப்படிச் செய்தீர்கள்?

கணக்கப்பிள்ளை

ஆச்சி, வணக்கம். ஒரு வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். முதலில் ஒன்று: பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் வந்தது நல்லது. பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்வது பெரும்பாடு. ஏமாற்றிவிட்டார்கள், மிரட்டினார்கள் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அண்ணன் மேல் அப்படி ஒரு வழக்குப் போட யாருக்கு மனசு வரும்?

இப்போது சட்டம். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனாரின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று அது சொன்னது. பெரிய மாற்றம்தான். ஆனால் பூர்வீகச் சொத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளி, மகள் அப்படி இல்லை என்ற பழைய ஏற்பாட்டை அது அப்படியே விட்டுவிட்டது. வீட்டைப் பற்றி அதில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை, மகள் தன் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது. அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமைகூட கல்யாணம் ஆகாதவள், புருஷன் கைவிட்டவள், பிரிந்து வந்தவள், விதவை இவர்களுக்குத்தான்.

தமிழ்நாட்டில் 1989இல் திருத்தம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்றார்கள். ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது. உங்கள் கல்யாணம் 1986 என்கிறீர்கள். மூன்று வருஷத்தில் தவறிப்போனது.

அதைச் சரிசெய்தது 2005 மத்தியச் சட்டம். அந்த வருஷம் செப்டம்பர் 9 முதல், கல்யாணமான மகளும் மகனைப் போலவே பங்காளி. 23ஆம் பிரிவையும் எடுத்துவிட்டார்கள். பிறகு, தகப்பனார் 2005க்கு முன்பே இறந்திருந்தால் என்ன ஆகும் என்ற குழப்பம் பல வருஷம் ஓடியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அதனால் அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்த, அல்லது கோர்ட் தீர்ப்பில் முடிந்த பாகப்பிரிவினை இருக்கிறதா? வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இல்லையென்றால், வீடு பூர்வீகம் என்பது உண்மையானால், உங்களுக்கும் உங்கள் அண்ணன்களுக்கும் சம பங்கு.

வடக்கு வளவு

நான் ஆச்சியின் அண்ணன் இடத்தில் இருப்பவன். எனக்கு மூன்று தங்கச்சிகள். அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஐயாவுக்குப் பர்மாவில் லேவாதேவி. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாம் போச்சு. அப்பச்சி வயலை விற்று, கடன் வாங்கித்தான் மூன்று பெண்களுக்கும் சீர் செய்தார். அந்தக் கடனை நான் அடைத்தேன். வீடு என்று நிற்பதை வருஷா வருஷம் பார்ப்பவனும் நான்தான். மழைக்கு முன்னால் ஓடு மாற்றணும், மொட்டைமாடி வெடிப்புக்குச் சுண்ணாம்பு அரைச்சுப் பூசணும், கரையான் வராமல் நிலைக்கதவுக்கு எண்ணெய் விடணும். பத்துப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான பத்து ஆண்களின் குடும்பங்களுக்கு, பொதுவான வளவு (முற்றத்தைச் சுற்றிய வீடு). ஒன்பது பேர் வெளியூர். இதில் சட்டம் மூன்று பேரைப் புதிதாகச் சேர்த்தால் அந்த வீட்டை யார் பார்ப்பது? பங்கு கூடக்கூட வீடு இடிபடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை வீட்டுத் தூணும் நிலையும் அங்கே கடையில் நிற்கிறது. பங்காளிகள் ஒத்துப்போகாமல் இடித்து விற்ற வீடுகள்தான் பாதி.

தங்கச்சிகள் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று இல்லை.

இரண்டாம் கட்டு

வடக்கு வளவு அண்ணனுக்கு. உங்கள் எழுத்தில் உள்ள கஷ்டம் எனக்குப் புரிகிறது. என் அண்ணன்களும் வீட்டை அப்படித்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நான் கடன்பட்டவள்.

ஆனால் சீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். எனக்குப் போட்ட கழுத்துரு (கல்யாணத் தாலி நகை), ஆத்தாவுடைய கழுத்துருவை அழித்துச் செய்தது. வைரத்தோடு அப்பத்தா காதில் இருந்தது, கல்லை மட்டும் புதிதாகக் கட்டினார்கள். வெள்ளிச் சாமான் ஆத்தா பிறந்த வீட்டிலிருந்து வந்தது. மங்குத் தட்டுகள் ஆயா கொடுத்தவை. ஆத்தா கொண்டுவந்த தூக்குச்சட்டி ஒன்று இப்போதும் என் அடுப்படியில் இருக்கிறது. அதன் விளிம்பில் ஆத்தாவின் அப்பச்சி பெயரின் எழுத்துகள் வெட்டியிருக்கும், தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போய்விட்டன.

அப்படியானால் எனக்கு வந்தது பெண்களின் சொத்து. ஆயாவிடமிருந்து ஆத்தாவுக்கு, ஆத்தாவிடமிருந்து எனக்கு. வீடும் நிலமும் ஐயாவிடமிருந்து அப்பச்சிக்கு, அப்பச்சியிடமிருந்து அண்ணன்களுக்கு. இரண்டும் தனித்தனித் தடம். ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்குக் கணக்கு முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

கணக்கப்பிள்ளை

ஆச்சி சொன்னது சட்டத்திலும் சரி. சீதனம் பெண்ணின் தனிச் சொத்து என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீர் வாங்கியதால் பங்கு போய்விட்டது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 1998இல் அப்பச்சி தவறியபோது இருந்த சட்டப்படி, வீடு முதலில் அப்பச்சிக்கும் இரண்டு மகன்களுக்குமாக மூன்று பங்கு. அப்பச்சியின் ஒரு பங்கு மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். ஆக ஆச்சிக்கு ஒன்பதில் ஒன்று, அண்ணன்களுக்கு ஆளுக்கு ஒன்பதில் நான்கு. இன்றைய சட்டப்படி மூன்று பேருக்கும் மூன்றில் ஒன்று.

ஓலைக்கொட்டான்

நான் இந்த இழையில் வயதில் சின்னவள். ஆச்சி, 'தனித்தனித் தடம்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ஆராய்ச்சிப் படிப்புக்காகப் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. நம் ஆட்கள், செட்டிநாட்டு நகரத்தார், ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த காலத்தில், பேரேட்டில் 'ஆச்சிமார் பணம்' என்று ஒரு வகை டெபாசிட் இருந்தது. பெண்களின் சீதனப் பணம் கடையில் போடப்பட்டு, வட்டி ஏறிக்கொண்டிருந்தது. கடையின் முதலில் அதுவும் ஒரு பகுதி. அந்தக் கடைகளின் லாபத்தில்தான் பர்மா தேக்கும் இத்தாலிய மார்பிளும் கப்பலேறி வந்து இந்த வீடுகள் எழுந்தன. அப்படிப் பார்த்தால் முகப்பில் நிற்கும் தூணில் ஆச்சிகளின் பணமும் இருக்கிறது.

புருஷன் மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்விடுவார். வீட்டை, வயலை, வட்டியை, பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்த்தது இங்கே இருந்த பெண்கள்தான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வேறு வைத்து, தனி அடுப்பும் தனி வரவுசெலவுமாகப் புதுப்பெண்ணிடம் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே வளவுக்குள் தனித்தனி அடுப்பு. அந்தக் காலத்தில் பல இடங்களில் பெண்ணுக்குக் கிடைக்காத சுதந்திரம் அது. இதையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் எண்ணிக்கைக்கு வரும்போது எங்கே போனோம்? ஆணுக்குக் கல்யாணம் ஆனால் கோயிலில் ஒரு புள்ளி. புள்ளி வரி அவர் பேரில். பெண் கல்யாணம் ஆனதும் பிறந்த கோயிலை விட்டுக் கணவன் கோயிலுக்குப் போய்விடுகிறாள். மகன் இல்லை என்றால் புள்ளி அற்றுப்போகுமே என்று, பங்காளி வீட்டிலிருந்து ஒரு ஆண்பிள்ளையைப் பிள்ளை கூட்டி மஞ்சள் நீர் குடிக்க வைப்பார்கள். கவிஞர் கண்ணதாசனே அப்படிச் சிறுகூடல்பட்டியிலிருந்து காரைக்குடிக்குப் பிள்ளையாக வந்தவர். பிள்ளை கூட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பிள்ளைகள் அதனால் படித்திருக்கிறார்கள். ஆனால் என் பெரியாத்தா வீட்டில் மூன்று பெண்கள். அந்த மூன்று பேரும் கூடத்தில் நிற்க, இருபத்தைந்து வயதில் ஒருவரைக் கூட்டிவந்து அந்த வீட்டுக்கு மகனாக்கினார்கள். கடைசி அக்கா அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை சில்லென்று இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

1956இல் தத்தெடுப்புச் சட்டம் வந்த பிறகுதான் பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே முறையான இடம் வந்தது. கணவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்பதும் அதில்தான் வந்தது. மனைவி தன் பேரில் தத்தெடுக்கலாம், அதற்குக் கணவன் சம்மதம் வேண்டும் என்று சமமாக மாறியது 2010இல்.

பழைய இதழ்

ஓலைக்கொட்டான் மகளே, நன்றாக எழுதியிருக்கிறாய். பழைய பத்திரிகைகள் சேர்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

இந்த மண்ணில் பெண்ணுரிமைப் பேச்சு நேற்று வந்தது அல்ல. 1919இல் பாரதியார் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியாரின் விருந்தாளியாக இருந்தார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் வந்தார். கையில் தடியோடு அவர் இருக்கும் அந்தப் படம் காரைக்குடியில் எடுத்ததுதான். பிறகு சுயமரியாதை இயக்கம் இங்கே வேர்பிடித்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண மாநாட்டில் பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை, விதவைகளுக்கு மறுமணம் என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். நாட்டின் சட்டம் அந்தச் சொத்துரிமைத் தீர்மானத்தை முழுசாக எட்டிப் பிடிக்க 2005 ஆகியிருக்கிறது. எழுபத்தாறு வருஷம்.

காரைக்குடி சொ. முருகப்பா 'குமரன்' பத்திரிகை நடத்தியவர். அவர் மரகதவல்லி என்ற இளம் விதவையை மணந்தார். செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதோடு நிற்காமல் இரண்டு பேரும் சேர்ந்து 1930களில் 'மாதர் மறுமணம்' என்றே ஒரு மாத இதழைக் காரைக்குடியிலிருந்து நடத்தினார்கள். மரகதவல்லியார்தான் ஆசிரியர். விதவைகளின் மறுமணத்துக்கென்றே ஒரு பத்திரிகை, அதற்கு மறுமணம் செய்துகொண்ட பெண்ணே ஆசிரியர்! இந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்க வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆதங்கம்.

மறுமணத்துக்குச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. அது எங்கள் வளவுக்குள் வரவில்லை. என் அயித்தைக்குப் பதினாலு வயதில் கல்யாணம், பத்தொன்பதில் புருஷன் மலாயாவில் காய்ச்சலில் போய்விட்டார். தந்தி வந்த அன்று உடுத்திய வெள்ளைச் சீலையை எண்பத்திரண்டு வயது வரை மாற்றவில்லை. கல்யாணத்துக்குப் பலகாரம் எல்லாம் அயித்தை கைப்பக்குவம்தான். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்க அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் பின்கட்டு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வார். யாரும் போ என்று சொல்ல வேண்டியதில்லை. அவராகவே போய்விடுவார். என் கல்யாணத்தில் நான் போய்க் கூப்பிட்டேன். "வேண்டாமப்பா, நீ நல்லா இருக்கணும்" என்றார். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். அந்தக் குறை எனக்கு இன்றும் ஆறவில்லை.

செம்மண் காடு

எல்லாவற்றையும் படித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

செட்டிநாடு என்றால் எல்லோரும் பெரிய வீட்டையும் ஆச்சியையும்தான் நினைக்கிறார்கள். அந்த வீட்டில் நெல் குத்தியவளும் சாணி தெளித்தவளும் செட்டிநாட்டுப் பெண்தான். என் அப்பாயி ஒரு வளவில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். பின்வாசல் வழியாக வருவார், பின்வாசல் வழியாகப் போவார். முகப்புத் தூண் என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது. இங்கே அயித்தை கதவுக்கு அந்தப் பக்கம் நின்றதைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. என் அப்பாயி அதற்கும் பின்னால் நின்றார்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். அதில் பெண்களுக்கு என்ன தெரியுமா? இடுப்புக்கு மேலே துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. தங்கமோ வெள்ளியோ போடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம்தான் புழங்க வேண்டும். செங்கல்பட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டது 1929. எங்கள் பாட்டிமார் மேல்துணிக்கு அடி வாங்கியது அதற்கு அடுத்த வருஷம். ஒரே காலம், ஒரே மாகாணம், பெண்ணின் வரலாறு மட்டும் ஒன்றாக இல்லை. நீங்கள் எழுதிய வெண்கலப் பானையும் மங்குத் தட்டும் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அதுவே குற்றம்.

பங்கு கேட்பதற்குச் சொத்து வேண்டும். எங்கள் ஐயனுக்கும் நிலம் இல்லை, அதனால் அண்ணன் தம்பியோடு எனக்குத் தகராறும் இல்லை. 2005 சட்டம் எங்கள் வாசலுக்கு வரவே இல்லை. எங்களுக்கு வந்தது வேறு. 1993இல் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது. தமிழ்நாட்டில் 2016இல் அது பாதி இடமாக உயர்ந்தது. எங்கள் சின்னம்மா ஊராட்சி உறுப்பினராக நின்று ஜெயித்தார். முதல் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை என்று அவரைத் தரையில் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி வந்தது.

இப்போது ஆதிதிராவிடர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோ வழியாக நன்னிலம் திட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். நிலம் இல்லாத ஆதிதிராவிடப் பெண்கள் விவசாய நிலம் வாங்க அரசு மானியம் தருகிறது, பத்திரம் பெண் பேரில். கிடைத்தால் எங்கள் வம்சத்தில் பெண் பேரில் வரும் முதல் நிலம். ஆச்சி, நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைத்ததை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கிடைக்காதவளுக்குத்தான் தெரியும்.

பழைய இதழ்

அம்மா, நீங்கள் எழுதியது சரி. நான் பத்திரிகை சேர்க்கும்போதுகூட இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். உங்கள் அப்பாயி போன்றவர்களின் நினைவுகளை யாராவது எழுதி வைக்கிறார்களா? இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். அச்சுக்குக் கொண்டுவர நான் உதவுகிறேன்.

புதுக்கோட்டைக்காரி

எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். ராயவரம், ராமச்சந்திரபுரம், கோனாபட்டு எல்லாம் அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம்தானே. அந்தப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாயார் இசைவேளாளர் குலம். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர மன்னரின் தனி அனுமதி தேவைப்பட்டது. 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்கு வந்தது 1921இல், அதுவும் சொத்தும் வரியும் இருந்த பெண்களுக்கு மட்டும். 1927இல் அவர் சட்டமன்றத்துக்குள் போனார், துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறைக்கு எதிராக அங்கே அவர் தொடங்கிய போராட்டம், 1947இல்தான் முழுச் சட்டமாக முடிந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது 1954இல்.

அன்றைக்கு வாக்குக்கே சொத்து கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். செம்மண் காடு அக்கா சொன்னதும் அதுதானே.

வடக்கு வளவு

நான் முதலில் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். ஓலைக்கொட்டான் எழுதிய ஆச்சிமார் பணம் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பழைய ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) ஒன்று பெட்டகத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அப்பத்தா பேரில் வரவு இருக்கிறது. கடைசி வரை அந்தப் பணம் திரும்பியதாக எழுதவில்லை. பர்மாவில் போனது ஐயாவின் பணம் என்றே சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். அப்பத்தா பணமும் சேர்ந்து போயிருக்கிறது. அப்பத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கணக்கப்பிள்ளையிடம் ஒரு கேள்வி. தங்கச்சிகளுக்குப் பங்கு எழுதிக்கொடுத்தால், வீட்டுச் செலவிலும் அவர்கள் பங்கு தரும்படி பத்திரத்திலேயே எழுத முடியுமா?

கணக்கப்பிள்ளை

தாராளமாக எழுதலாம். பாகப்பிரிவினையில் பொது முகப்பு, வளவு, கிணறு, வாசல் இவற்றின் பராமரிப்பை இன்னார் இவ்வளவு விகிதம் என்று ஷரத்தாகப் போடலாம். யாராவது விற்பதானால் முதலில் கூடப்பிறந்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் விற்க வேண்டும் என்றும் எழுதலாம். பங்கு கொடுத்தால் வீடு இடிபடும் என்று பயப்பட வேண்டாம். எழுதாமல் விட்ட வீடுகள்தான் அதிகமாக இடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. செம்மண் காடு தங்கச்சி, உங்கள் எழுத்தை அச்செடுத்து முறைச்சிட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். பாகப்பிரிவினை எதுவும் பதிவாகவில்லை. ஊருக்குப் போனேன். பெரிய அண்ணன், சின்ன அண்ணன், அவர்கள் மனைவிமாரான இரண்டு அண்ணமிண்டிகள் எல்லோரும் வளவில் உட்கார்ந்தோம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், மூன்றில் ஒன்று வேண்டும், செலவிலும் மூன்றில் ஒன்று தருகிறேன், இதுவரை ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆனதிலும் என் பங்கைத் தருகிறேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. பெரிய அண்ணன் எழுந்து முகப்புக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரிய அண்ணமிண்டி சொன்னார்: "நானும் எங்க வீட்டுல இதே மாதிரி போட்டுக் குடுத்தவதான். காரை வீட்டு வாசல்ல நிறுத்தி வச்சிருந்தாங்க. படிச்சுக்கூடப் பார்க்கலை." முப்பத்தைந்து வருஷமாக அவரை எனக்குத் தெரியும். இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. சின்ன அண்ணமிண்டி எழுந்து போய்க் காப்பி போட்டுவந்தார். பெரிய அண்ணனுக்கு ஒரு டம்ளரை முகப்புக்கு நான்தான் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். "அப்பச்சி இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ" என்றார். "கேட்டிருந்தா எழுதியிருப்பார் அண்ணே, நம்ம யாரும் கேக்கலை" என்றேன்.

அவர் இன்னும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் நேற்றுச் சின்ன அண்ணன் பாகப்பிரிவினை வரைவை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். மூன்றாவது பங்குதாரராக என் பெயர் இருக்கிறது. கிழக்கு ஆல்வீடு என்ற அறை என் பங்கில் வருகிறது. ஆத்தா என்னைப் பெற்று வைத்திருந்த அறை அது. சாவி துருப்பிடித்துத் திறக்க வரவில்லை, எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருப்பதாகச் சின்ன அண்ணன் எழுதியிருக்கிறார்.

பராமரிப்பு ஷரத்தில் கிணற்றை விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. கணக்கப்பிள்ளை அண்ணே, வரைவைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பெயர்களை மறைத்துவிட்டேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.